மாரிக்கு முன் பொறுக்குவோம்: வாவி வழியே கடலுக்குப் போகும் பிளாஸ்ரிக்

மட்டக்களப்பில் மாரி பலத்தால் ஒரு கேள்வி எழும்: முகத்துவாரத்தை வெட்டுவதா, இல்லையா? வாவி பெருகிப் படுவான்கரை வயல்களுக்குள் நீர் ஏறத் தொடங்கினால், பயிர் அழுகுமுன் மணல் திட்டை வெட்டிவிடும்படி கமக்காரர் கேட்பர். அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று வாவி மீனவர் சொல்வர். இரு பகுதியாரையும் கேட்டு அதிகாரிகள் முடிவெடுப்பர். திட்டு வெட்டப்பட்டதும், மாதக்கணக்கில் தேங்கி நின்ற நீர் இரைந்துகொண்டு கடலுக்குப் பாயும்.

அந்த நீரோடு வேறு பொருள்களும் போகின்றன. சொப்பிங் பைகள், சோடாப் போத்தல்கள், பிய்ந்த உரப்பைகள், மருந்துப் போத்தல்கள், ஒற்றைச் செருப்புகள், அறுந்த வலைத்துண்டுகள் என்று ஊரெல்லாம் சேர்ந்த குப்பை ஒரே நாளில் கடலைச் சேர்கிறது. வயலைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசக் கூடும் நாம், இதைப் பற்றிக் கூடிப் பேசுவதில்லை. இப்போது பேசவேண்டியிருக்கிறது.

"இடம்பெயர்ந்து வந்து இருக்கிறோம். இது எங்கள் ஊருமல்ல, காணியுமல்ல. நாளைக்கோ மறுநாளோ போய்விடுவோம். குப்பையைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எமது மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள்; 2004 ஆழிப்பேரலையில் இடம்பெயர்ந்தார்கள்; 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து கூட்டங்கூட்டமாக எழுவான்கரைக்கு வந்தார்கள்; 2011 ஜனவரி வெள்ளத்தில் மீண்டும் மூட்டை கட்டினார்கள். வீடும் வயலும் போனவர்களுக்குக் குப்பை ஒரு பெரிய கவலையாகத் தெரியாது. ஆனால் இடம்பெயர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளமான இடம். வாய்க்கால் ஓரம், வாவி ஓரம், வெள்ளம் முதலில் ஏறும் இடம். வாய்க்கால் அடைபட்டால் முதலில் நனைவது எமது பாய்தான். திரும்பிப் போகும்போது எமக்குத் தேவைப்படுவதும் அதே வயலும் மாடும் வாவி மீனும்தான். ஆகவே இந்தக் குப்பை எமக்கு நெருங்கிய விடயம்.

குப்பை போகும் பாதை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோ மீற்றர் நீளமானது. ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைக்கு அண்மை வரை கிடக்கிறது. கடலோடு அது சேரும் இடங்கள் இரண்டே: பாலமீன்மடுவுக்கு அருகிலுள்ள முகத்துவாரம் ஒன்று, கல்லாறு மற்றொன்று. கோடையில் அலை மணலைக் குவித்து இவ்வாய்களை அடைத்துவிடும். எமது கரையில் கடலின் வற்றுப்பெருக்கும் ஒரு மீற்றருக்குக் குறைவு. அதனால் வாவியின் அழுக்கைக் கடல் நாளுக்கு நாள் கழுவிச் செல்வதில்லை. வாவிக்குள் விழுந்தது மாரி வரை அங்கேயே கிடக்கும்.

வாவிக்குள் அது எப்படி வருகிறது? உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் கீழுள்ள வயல்வட்டைகளின் வடிச்சல் வாய்க்கால்கள் மேற்கிலிருந்து வாவியில் விழுகின்றன. கிழக்கிலோ காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கரை நெடுகக் குடிமனைகள். அவற்றின் வடிகான்களும் வாவிக்கே வருகின்றன. புளியந்தீவு வாவிக்குள்ளேயே இருக்கும் பட்டணம். வரம்பில் போட்ட பை, வீதியோரத்தில் வீசிய போத்தல், சந்தையில் விட்டுச்சென்ற குப்பை எல்லாம் கோடை முழுவதும் காய்ந்து கிடக்கும். வருடத்து மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கொட்டும்போது அவை வாய்க்காலில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, வாவியை அடையும்.

வாவிக்கு வந்த எல்லாமே கடலுக்குப் போவதுமில்லை. சொப்பிங் பையும் உரப்பையும் நீரைவிடப் பாரம் குறைந்த பிளாஸ்ரிக்கால் ஆனவை. ஆகவே மிதந்து போகும். தண்ணீர்ப் போத்தல் மூடியோடு இருந்தால் மிதக்கும். மூடி கழன்று நீர் புகுந்தால் தாழும். தங்கூசி வலையும் தாழும். தாழ்ந்தவை வாவிச் சேற்றில் புதைந்து ஆண்டுக்கணக்கில் இருக்கும். மிதப்பவற்றில் ஒரு பகுதி கண்டல் மரங்களின் வேர்களில் சிக்கும். மிகுதி முகத்துவாரத்தால் வெளியேறும். மாரியில் எமது கடலோர நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்வதால் அது அம்பாறைக் கரைக்கும் அதற்கு அப்பாலும் போகும். அலை எழும்பும் நாட்களில் ஒரு பங்கு எமது கரைக்கே திரும்பி வரும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. வரம்பில் கிடக்கும்போது ஒரு பையை எடுக்க ஒரு கை போதும். வாய்க்காலில் விழுந்தால் தடி வேண்டும். வாவிக்குப் போனால் தோணி வேண்டும். கடலுக்குப் போய்விட்டால் எவராலும் எடுக்க முடியாது.

எம்மிடமிருந்து போவது எவை?

முதலாவது, நிவாரணப் பொருட்கள். அரிசி, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் பொலித்தீனில் சுற்றியே வருகின்றன. தண்ணீர் போத்தலில் வருகிறது. சமைத்த சோறு பொதியாக வருகிறது. கூரைக்குத் தரும் தறப்பாள் ஒன்றிரண்டு வருட வெயிலில் இற்று நூல் நூலாகப் பிரிந்து காற்றில் பறக்கிறது. உதவி வருவது நன்றிக்குரியது. ஆனால் உதவியோடு வந்த குப்பையை எடுத்துச் செல்ல வண்டி வருவதில்லை.

இரண்டாவது, வயலில் இருந்து போவது. யூரியா உரப்பை, களைநாசினி, பூச்சிநாசினிப் போத்தல், விதைப் பை என்பன இதில் அடங்கும். உரப்பையில் மண் நிரப்பி உடைந்த வரம்பையும் வாய்க்காலையும் அடைப்பது எமது வழக்கம். அவசரத்துக்கு அது நல்லதே. ஆனால் வெயில் பட்ட உரப்பை விரைவில் இற்றுவிடும். அடுத்த வெள்ளத்தில் மண் ஒருபுறமும் பை மறுபுறமுமாகப் போகும்.

மூன்றாவது, கடையில் இருந்து வருவது. சொப்பிங் பை, பிஸ்கட் உறை, சிறிய சம்போ பைக்கற், சோடாப் போத்தல் முதலியவை. காசு குறைந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவார்கள். கொஞ்சமாக வாங்கினால் உறை கூடும். ஆகவே இதில் வறியவரைக் குறை சொல்வது நியாயமல்ல. சிறு சிறு பைக்கற்றுகளில் விற்றால்தான் விற்பனையாகும் என்று கண்டவர்கள் உற்பத்தியாளர்கள்.

ஏன் இது உக்குவதில்லை?

வாழையிலையைப் போட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று மண்ணாக்கிவிடும். பிளாஸ்ரிக் பெற்றோலிய எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் செய்யப்படுவது. அதைத் தின்னப் பழகிய உயிர்கள் மண்ணில் இல்லை என்றே சொல்லலாம். பொலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. இன்று நாம் தூக்கும் கைபிடி வைத்த சொப்பிங் பை 1965இல்தான் உரிமம் பெற்றது. எமது பெற்றோரின் இளமையில் இல்லாத பொருள் எமது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அழியாது கிடக்கப்போகிறது.

வெயிலில் அது மறைவதுபோலத் தெரியும், உண்மையில் மறைவதில்லை. நொறுங்கிச் சிறிதாகி, மேலும் சிறிதாகி, கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது. அந்தத் துகளை இறாலும் மட்டியும் சிறு மீனும் உணவென்று உட்கொள்கின்றன. அவற்றைப் பெரிய மீன் தின்கிறது. மீனை நாம் தின்கிறோம். மனித இரத்தத்திலும் இத்துகள்கள் காணப்பட்டதாக 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவை உடலுக்குச் செய்யும் தீங்கின் அளவை இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் தீங்குகள்

துகள்களின் தீங்கு ஆராய்ச்சியாளர் சொல்லித் தெரியவேண்டியது. எமது கண்ணாலேயே காணக்கூடிய தீங்குகளும் உண்டு.

வெள்ளம்: வாய்க்காலின் மதகிலும் வீதிக் குழாயிலும் பைகள் சேர்ந்து அடைத்தால் நீர் வடிவதில்லை. ஒரு நாளில் வடியவேண்டிய வெள்ளம் மூன்று நாள் நின்றால் இளம் நாற்று அழுகிவிடும்.

நுளம்பு: எறியப்பட்டுக் கிடக்கும் கப்பிலும் வெட்டிய போத்தலிலும் மடிந்த தறப்பாளிலும் மழைநீர் தேங்கும். டெங்கு நுளம்பு பெருக அது போதும். நெருக்கமாக வாழும் முகாமில் ஒருவருக்கு வந்த காய்ச்சல் பலருக்கு வர அதிக நாள் செல்லாது.

கால்நடை: மிஞ்சிய சோற்றைச் சொப்பிங் பையில் கட்டி எறிந்தால் மாடு பையோடு விழுங்கும். பை செரிக்காது, வெளியேறவும் மாட்டாது. இரைப்பையில் பந்துபோல் திரண்டு, மாடு தின்னாமல் மெலிந்து விழும். அயல் மாவட்டமான அம்பாறையில் பள்ளக்காடு என்ற இடத்திலுள்ள குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று, எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. அவ்வளவு பெரிய யானைக்கே அந்தக் கதி என்றால் எமது பால்மாட்டுக்கு என்ன கதி?

மீன்: அறுந்துபோன தங்கூசி வலை வாவியடியில் கிடந்து மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆளில்லாமல் அவை அங்கேயே அழுகும். கடலில் மிதக்கும் பொலித்தீனை ஜெலிமீன் என்று எண்ணி ஆமைகள் விழுங்குகின்றன.

புகை: பிளாஸ்ரிக்கை எரித்தால் போய்விடும் என்று நினைக்கிறோம். அடுப்புப் பற்றவைக்கச் சொப்பிங் பையைச் செருகும் பழக்கமும் உண்டு. அந்தப் புகையில் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சுகளும், சிலவகைப் பிளாஸ்ரிக்கிலிருந்து புற்றுநோய் தரக்கூடிய நஞ்சுகளும் வருகின்றன. அடுப்படியில் நிற்கும் தாயும் இடுப்பிலுள்ள குழந்தையும்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள்.

நாட்டிலும் உலகிலும்

2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 35 கோடி தொன் பிளாஸ்ரிக் கழிவு உண்டானது என்றும், அதில் 9 வீதமே மீளப் பயன்படுத்தப்பட்டது என்றும் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் கணக்கிட்டது. மீள்சுழற்சி ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது என்பதை இந்த எண் காட்டுகிறது.

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சம் தொன்னுக்கும் 127 இலட்சம் தொன்னுக்கும் இடைப்பட்ட பிளாஸ்ரிக் நிலத்திலிருந்து கடலுக்குப் போனதாக மதிப்பிட்டது. முறையாகக் கையாளப்படாத கழிவில் இலங்கையை அது ஐந்தாம் இடத்தில் வைத்தது. இலங்கையர் ஒருவர் நாளொன்றுக்கு 5.1 கிலோ குப்பை போடுகிறார் என்ற எண்ணை அது எடுத்துக்கொண்டது. எமது வீடுகளில் அவ்வளவு குப்பை எங்கே? அந்த எண் மிகையானது என்று பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. ஐந்தாம் இடமோ ஐம்பதாம் இடமோ, வாய்க்காலில் கிடப்பதை நாம் கண்ணால் காண்கிறோம்.

குப்பையைக் கவனிக்காது விட்டால் என்ன நடக்கும் என்பதை நாடு 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், கண்டது. கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடி 32 பேர் உயிரிழந்தார்கள். 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புக் கடலில் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் தாழ்ந்தது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணிகள் பெருமளவில் கடலிலும் மேற்குக் கரையிலும் பரவின. மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் போயிற்று. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், கப்பற் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அழுக்காக்கியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நீதி அதில் அடங்கியுள்ளது.

சட்டம் சொல்வது

எமது நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017 செப்ரெம்பர் 1 முதல், 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன், சோறு சுற்றும் லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி என்பன தடைசெய்யப்பட்டன. திறந்த வெளியில் பிளாஸ்ரிக்கை எரிப்பதும் அப்போதே தடைசெய்யப்பட்டது. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த சிறிய பைக்கற்றுகளும், விவசாய இரசாயனங்களை அடைக்கும் சிலவகைப் பிளாஸ்ரிக் போத்தல்களும் தடைப்பட்டன. 2023 ஒக்ரோபர் முதல் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு, பூமாலை முதலியன தடையாயின. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. அதன் விலையைக் காட்டி அறவிட வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்குப் பங்களாதேசம் சான்று. நெல்லும் வெள்ளமும் உள்ள நாடு அது, எம்மைப் போலவே. 1988இலும் 1998இலும் வந்த பெருவெள்ளங்களில் டாக்கா நகரின் வடிகான்களைப் பொலித்தீன் பைகள் அடைத்ததைக் கண்டு, 2002இல் மெல்லிய பைகளை உலகிலேயே முதலாவதாக அந்நாடு தடைசெய்தது. ஆனால் மலிவான மாற்றுப் பை கிடைக்கவில்லை, கண்காணிப்பும் தளர்ந்தது, பைகள் மீண்டும் சந்தைக்கு வந்தன. 2024இல் தடையை மீண்டும் இறுக்க வேண்டியதாயிற்று.

கூடிச் செய்தால் நடக்கும் என்பதற்குக் கேரளம் சான்று. கொல்லம் மாவட்டத்து நீண்டகரைத் துறைமுகத்தில் மீன்பிடி வள்ளங்களின் வலைகளில் மீனோடு பிளாஸ்ரிக்கும் ஏறும். முன்னர் அதைத் திரும்பக் கடலில் எறிந்துவிடுவார்கள். 2017இல் அரசும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து ஒவ்வொரு வள்ளத்துக்கும் பை கொடுத்து, சிக்கிய பிளாஸ்ரிக்கைக் கரைக்குக் கொண்டுவரச் செய்தார்கள். கரையில் பெண்கள் அதைக் கழுவித் தரம்பிரித்தார்கள். இயந்திரத்தில் நறுக்கி வீதி போடுவதற்குக் கொடுத்தார்கள். முதல் 10 மாதங்களில் ஏறத்தாழ 25 தொன் கழிவு கரைக்கு வந்தது. தீர்வின் ஒரு பங்கு வேலைவாய்ப்பாகவும் அமைந்தது.

நாம் செய்யக்கூடியவை

பணம் வேண்டாத, இன்றே தொடங்கக்கூடிய சிலவற்றை இங்கே தருகிறோம்.

1. காலம் பார்த்துப் பொறுக்குங்கள். புரட்டாதி மாதத்தில், மாரி இறங்குமுன், வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்தோடு பிளாஸ்ரிக்கையும் பொறுக்கி எடுங்கள். மாரிக்குப் பிறகு கடற்கரையில் பத்து நாள் பொறுக்குவதைவிட, மாரிக்கு முன் வாய்க்காலில் ஒரு நாள் பொறுக்குவது பயன் கூடியது.

2. ஈரத்தையும் காய்ந்ததையும் பிரியுங்கள். சோறு, மரக்கறி, மீன் கழிவு ஒருபுறம்; அது கூட்டெருவுக்கு. பிளாஸ்ரிக் மறுபுறம், நீரில் ஒருமுறை அலசிக் காயவிட்டு, பழைய உரப்பை ஒன்றில் போட்டுக் கூரைத் தாழ்வாரத்தில் கட்டித் தூக்குங்கள். மணமில்லாத பையை மாடு தேடிவராது.

3. போத்தலின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1 தண்ணீர், சோடாப் போத்தல். 2 தடித்த கான், சம்போப் போத்தல். 5 உறுதியான டப்பாக்கள். பழைய போத்தல் வாங்குபவர்கள் பெரும்பாலும் இவற்றையே எடுப்பார்கள். சேறு பட்ட சொப்பிங் பையை எவரும் வாங்கார். ஆகவே அதை வாங்காமல் விடுவதே வழி.

4. மருந்துப் போத்தலை மும்முறை அலசுங்கள். வெறுமையான போத்தலில் காற்பங்கு நீர் விட்டு மூடிக் குலுக்கி, அந்த நீரை விசிறும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. வாய்க்காலில் கழுவவே வேண்டாம். பின்னர் அடியில் துளையிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனிப் பையில் சேருங்கள். பாத்திரத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் இந்தப் போத்தலில் குடிநீரோ பாலோ மண்ணெண்ணெயோ எடுக்கும் ஆபத்து அதிகம். எத்தனை முறை கழுவினாலும் அது மருந்துப் போத்தல்தான்.

5. வரம்பு அடைத்த உரப்பையை மறக்காதீர்கள். வெள்ளம் வடிந்ததும் மண்ணைக் கொட்டிவிட்டுப் பையை மீட்டெடுங்கள். நிரந்தர அடைப்புக்கு மண்ணும் புல்லுக்கட்டுமே நல்லவை.

6. அறுந்த வலையைக் கரைக்குக் கொண்டுவாருங்கள். வாவியில் இறங்குவோர் சிக்கிய வலைத்துண்டைத் திரும்ப எறியாமல் தோணியில் போட்டு வரட்டும்.

7. பழைய பழக்கங்களில் நல்லவற்றை மீட்டெடுங்கள். பன் பையும் கடகமும் உமலும் தயிர்ச்சட்டியும் எமக்குப் புதியவையல்ல. சோறு கட்ட வாழையிலை, தாமரையிலை உண்டு. சொப்பிங் பைக்குக் காசு கொடுக்கவேண்டிய இக்காலத்தில் பன் பைக்கு ஒரு சந்தை பிறக்க இடமுண்டு. பன் இழைக்கத் தெரிந்த பெண்கள் எமது முகாம்களிலும் கிராமங்களிலும் இருக்கிறார்கள். மாதர் சங்கங்கள் இதைச் சிந்திக்கலாம்.

8. வண்டி வராத இடத்தில், எரிக்காமல் சேர்த்து வையுங்கள். பத்துப் பதினைந்து குடும்பத்துக்கு ஒரு சேகரிப்பு இடம் என வைத்து, வெள்ளம் ஏறாத மேட்டில் தகரம் போட்டுக் காய்ந்தபடி வையுங்கள். வேறு வழியே இல்லையெனில் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், மேட்டு நிலத்தில், எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழியில் புதையுங்கள். வீட்டுக்கு ஒரு குழி வேண்டாம்.

நாம் கேட்கவேண்டியவை

எல்லாச் சுமையையும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் தலையில் வைப்பது சரியல்ல. குப்பையை அகற்றுவது உள்ளூராட்சிச் சபைகளின் சட்டபூர்வமான கடமை. முகாமில் இருப்பவரும், வாடகை வளவில் இருப்பவரும், மீளக்குடியேறியவரும் அந்தச் சேவைக்கு உரியவர்களே. மாதத்துக்கு ஒரு முறையாவது, குறிப்பிட்ட ஒரு நாளில், உழவு இயந்திரப் பெட்டி வரவேண்டும் என்று பிரதேச சபையிடம் கூட்டாக எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியொன்றைக் கிராம சேவை உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொடுங்கள். தனியாகப் போய்க் கேட்பவரை நாளைக்கு வா என்பார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

நிவாரணம் தரும் நிறுவனங்களிடமும் பணிவாகக் கேட்கலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து பொலித்தீன் பொதிகளுக்குப் பதிலாக ஒரே துணிப்பையில் தரமுடியாதா? நூறு போத்தல் தண்ணீருக்குப் பதிலாக ஒரு தாங்கி வைக்க முடியாதா? இற்றுப்போன தறப்பாளை மாற்றும்போது பழையதைத் திரும்ப எடுத்துச் செல்ல முடியாதா? கேட்பது நன்றிகெட்ட செயலல்ல. உதவியை இன்னும் நல்ல உதவியாக்கும் வழி அது.

கமக்காரர் அமைப்புகள் கமநல சேவை நிலையத்தினூடாக இன்னொன்றையும் கேட்கவேண்டும். மருந்தை விற்றவரே வெறும் போத்தலைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடு வேண்டும். கண்ணாடிச் சோடாப் போத்தலுக்கு முற்பணம் வைத்து, வெறும் போத்தல் கொடுத்ததும் அதைத் திருப்பித் தந்த வழக்கம் எமக்குத் தெரிந்ததுதான். அன்று ஒரு வெறும் போத்தலும் வாய்க்காலில் கிடக்கவில்லை. அதற்கு விலை இருந்தது.

உலக நாடுகள் பிளாஸ்ரிக்கைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றுக்காக 2022 முதல் பேசி வருகின்றன. 2025 ஓகஸ்டில் ஜெனிவாவில் நடந்த பேச்சு உடன்பாடின்றி முடிந்தது. எண்ணெய் விற்கும் நாடுகளும் பிளாஸ்ரிக் செய்யும் கம்பனிகளும் உற்பத்தியைக் குறைக்க இலகுவில் இணங்கப் போவதில்லை. அந்தப் பேச்சு முடியும்வரை எமது வாய்க்கால் காத்திருக்காது. அடுத்த மாரி தன் மாதத்தில் வந்தே தீரும்.

சங்கக் கூட்டங்களில் கலந்துரையாட

- எமது குடியிருப்பிலிருந்து நீர் வடியும் வழி எது? அது எந்த வாய்க்காலில் விழுகிறது? ஒருநாள் கூட்டமாக அதன் வழியே நடந்து பார்த்து, குப்பை சேரும் மூன்று இடங்களைக் குறியுங்கள்.
- ஒரு வாரம் உங்கள் வீட்டில் சேரும் பிளாஸ்ரிக்கைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். நிவாரணத்தில் வந்தது எவ்வளவு, கடையில் வந்தது எவ்வளவு, வயலில் வந்தது எவ்வளவு?
- எமது பிரதேச சபையின் வண்டி எங்குவரை வருகிறது? எமது இடத்துக்கு வராததன் காரணம் என்ன?
- புரட்டாதிச் சிரமதானத்துக்கு எந்த நாள்? யார் யார் பொறுப்பு? பொறுக்கியதை அன்று மாலை எங்கே வைப்பது?

கடைசிக் கேள்விக்கு விடை கண்ட பின்னரே கூட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். பொறுக்கிய குப்பையை வைக்க இடமில்லாததால் அதைத் திரும்பவும் வாய்க்கால் ஓரத்தில் விட்டு வந்த சிரமதானங்கள் பல.